பதினேழாம் எண் செருப்பு

மலையில் இந்த நிமிஷம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் அக்கா நோட்டைத் திறக்க மாட்டாள். திரும்பிச் செருப்பு அடுக்கைப் பார்ப்பாள்.

மலைப்பாதை தொடங்கும் இடத்தில், வருகிறவர்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்ட அவள் நடத்திய கல் விடுதியின் முன்னறையில், ஒரு சுவர் முழுக்க அந்த அடுக்கு இருந்தது. நாற்பது பொந்துகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் வெள்ளைப் பெயிண்டில் ஓர் எண். மலையேற வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே வந்து, ஊரிலிருந்து போட்டுவந்ததைக் கழற்றி ஒரு பொந்தில் வைத்துவிட்டு, பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். ஷூவோ சாண்டலோ ரப்பரோ, அக்காவுக்கு எல்லாமே செருப்புதான். இறங்கி வந்ததும் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். அடுக்கில் எத்தனை ஜோடியோ, மேலே அத்தனை பேர்.

முன்பு நோட்டுதான் இருந்தது. ஏறும்போது எல்லோரும் ஒழுங்காகப் பேர் எழுதினார்கள். இறங்கும்போது யாரும் கையெழுத்துப் போடவில்லை. களைத்து வருகிறவனுக்கு டீ தெரியும், கழிப்பறை தெரியும், பஸ் தெரியும். நோட்டு தெரியாது. வீட்டில் போர்த்திக்கொண்டு தூங்குகிறவனைத் தேடி மலையில் விடிய விடிய அலைந்த கதைகள் அங்கே நிறைய உண்டு. செருப்பு ஏற்பாடு அக்காவின் மூளையில் உதித்தது. "மனுஷன் பேரை மறப்பான், கட்டினவளைக்கூட மறப்பான். செருப்ப மறந்து வீட்டுக்குப் போனவன் உண்டா?" என்று கேட்டுத்தான் அதை ஆரம்பித்தாள். ஆறு வருஷமாக அந்த விதி ஒரு நாளும் பொய்த்ததில்லை.

அடுக்குக்கு மேலே, மலையைப் பார்த்த சிறிய ஜன்னலில், பாட்டரியில் எரியும் பெரிய விளக்கு ஒன்று இருந்தது. இருட்டும் நேரத்தில் அடுக்கில் ஒரு ஜோடி மிச்சமிருந்தாலும் அது எரியும். வழி தவறியவன் அதைப் பார்த்து இறங்கலாம். கடைசி ஜோடியும் போன பிறகு அக்கா ஜன்னலின் மரக் கதவைச் சாத்துவாள். அவளுக்கு அதுதான் கடையடைப்பு.

அவள் புருஷனை எல்லோரும் கம்புக்காரர் என்றார்கள். பாதையில் பெயர்ந்த கல்லைப் பதிப்பது, ஓடையில் பலகை போடுவது எல்லாம் அவர் வேலைதான். பேர் வந்தது கம்பால். பனி விழத் தொடங்கும் முன் பாதை நெடுக மூங்கில் கம்புகள் நடுவார், ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புத் துணி கட்டி. ஒரு கம்புக்கும் அடுத்ததுக்கும் இடையே இருபத்தைந்து எட்டு நடை. ஏன் அந்தக் கணக்கு என்றால், பனி எவ்வளவு அடர்ந்து கண்ணை மறைத்தாலும் இருபத்தைந்து எட்டில் ஒரு சிவப்பு தெரியும். முப்பது வைத்தால் தெரியாது. கையிலிருக்கும் கம்பை விடும் முன் அடுத்த கம்பு கண்ணில் பட வேண்டும். மலையில் உயிரோடு இருப்பதற்கு அதற்கு மேல் பெரிய சூத்திரம் கிடையாது.

வழக்கமாக முதல் பனி மாதக் கடைசியில்தான் வரும். இந்த வருஷம் பத்து நாளாகவே காற்று ஒழுங்கில்லை. காலையில் மேற்கு, மதியம் தெற்கு, சாயங்காலம் ஒன்றுமே இல்லை. இந்தத் தடவை முன்கூட்டியே கம்பு நட வேண்டும் என்று கம்புக்காரர் பாதையைக் கவனிக்கும் ஆபீசுக்கு இரண்டு முறை எழுதினார். கம்பு நடும் தேதி இருபத்திரண்டு, சிவப்புத் துணியை அதற்கு முன் அனுப்ப வழியில்லை என்று இரண்டு முறையும் ஒரே பதில் வந்தது. நூற்று நாற்பது கம்புகளும் கொட்டகையில் படுத்துக் கிடந்தன.

"மேகம் அவங்க தேதியப் படிச்சிட்டா வரும்?" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்டார்.

"என்கிட்டக் கேட்டா? நானா ஆபீசு?" என்று அவள் சூப்பை ஊற்றுவாள். அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் இதே கேள்வி, இதே பதில்.

ஒன்பதாம் தேதி காலை விடிந்த விதமே அக்காவுக்குப் பிடிக்கவில்லை. இதமாக இருந்தது. அந்த மாதத்தில் இருக்கக் கூடாத இதம். தூரத்து மலைகள் கையை நீட்டினால் தொடலாம் போலப் பக்கத்தில் தெரிந்தன. அடுப்புப் புகை மேலே போகாமல் கூரையோடு வழிந்து முற்றத்தில் படுத்தது. சுவரிலிருந்த காற்றழுத்தமானியை விரலால் தட்டினாள். முள் இறங்கியது. அரை மணி கழித்துத் தட்டினாள். மறுபடி இறங்கியது. பெரிய குளிர்க்காற்று ஒன்று வரும்போது, தன் எதிரே இருக்கும் சூடான காற்றையெல்லாம் முன்னால் தள்ளிக்கொண்டு வரும். அதனால்தான் புயலுக்கு முந்தைய காலை அவ்வளவு சுகமாக இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை நல்ல வெயில் என்பார்கள்.

எட்டு மணி பஸ்ஸில் இருபத்து நான்கு பேர் வந்தார்கள். மதியத்துக்கு மேல் வானம் மாறும், முதல் வளைவோடு திரும்பிவிடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். பாதிப்பேர் தலையாட்டினார்கள். தலையாட்டினவர்களும் மேலே இருக்கும் ஏரி வரைக்கும் போகத்தான் போனார்கள். புது ஜாக்கெட் போட்ட ஒருவன், முப்பது வயதிருக்கும், பழுப்பு ஷூவைத் துணியால் துடைத்து, சாக்ஸைச் சுருட்டி உள்ளே செருகி, பதினேழில் அலுங்காமல் வைத்தான். பிறகு போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"வெயில்னு போட்டிருக்குக்கா, பாருங்க."

"அது ஊருக்குப் போட்ட படம் தம்பி. ஊர் கீழ இருக்கு, நீ போறது மேல."

"ஒரே வானம்தானே?"

நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்கு மேல் குறையும். ஊரில் மழையாக விழுவது பாதி வழியில் ஈரப்பனி, ஏரியில் பனி. ஒரே வானம்தான். விழுகிற பொருள்தான் வேறு. இதையெல்லாம் அவள் சொல்ல ஆரம்பிக்கும்போதே அவன் படியிறங்கிவிட்டான்.

பன்னிரண்டு இருபதுக்கு வானிலை ஆபீசிலிருந்து போன் வந்தது. எச்சரிக்கையாம், இரண்டு மணி நேரத்தில் புயல் வரக்கூடுமாம். அப்போது முகட்டின் மேல் மேகம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. கம்புக்காரர் முற்றத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டைச் சம்மட்டியால் அடித்தார். மூன்று மூன்றாக அடித்தால் எல்லோரும் இறங்குங்கள் என்று பொருள். ஒரு மணிக்கு முதல் ஆள் ஓடி வந்தான். ஒன்றரைக்கு மழை. ஒன்றே முக்காலுக்கு மழை கனத்து வெள்ளையானது.

அதற்கப்புறம் முன்னறையில் ஒழுங்கு என்று ஒன்றும் இருக்கவில்லை. இருபது பேருக்கு மேல் நனைந்து, ஒருவர் முதுகை ஒருவர் இடித்து, உறைந்த விரல்களால் பூட்ஸ் கயிற்றோடு மல்லுக்கட்டினார்கள். பஸ் டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. கீழே நான்காம் கொண்டை ஊசி வளைவு நிழலில் கிடப்பது. தரை உறையும் முன் அதைத் தாண்டாவிட்டால் பஸ்ஸோடு எல்லோரும் பள்ளத்துக்குப் போக வேண்டியதுதான். இரண்டரைக்கு எடுக்க வேண்டிய பஸ்ஸை இரண்டே காலுக்கு எடுத்தார்.

பஸ்ஸைத் தவற விட்டவர்கள் மூன்று பேர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். போன மாதம் கல்யாணமான ஒரு ஜோடி. அந்தப் பெண்ணுக்குக் குதிகால் பிசகி, வாத்தியார் ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது பஸ்ஸின் பின்விளக்குதான் தெரிந்தது. அக்கா அவர்களைப் பின்னறையில் அடுப்பருகே உட்கார வைத்துச் சூப் கொடுத்தாள். திரும்பி வந்து, சேறும் பனியுமாகக் கிடந்த தரையைத் தள்ளிக்கொண்டே அடுக்கை நிமிர்ந்து பார்த்தாள்.

மூன்று ஜோடி பின்னறைக்காரர்களுடையது. நாலாவது ஒன்று இருந்தது. பதினேழு. பழுப்பு ஷூ, உள்ளே சுருட்டிய சாக்ஸ்.

கம்புக்காரர் வாசலில் நின்று தொப்பியை உதறிக்கொண்டிருந்தார். அவள் பார்த்த திசையை அவரும் பார்த்தார்.

நோட்டில் பதினேழுக்கு நேரே இருந்த போன் நம்பருக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. அதைவிட எரிச்சலூட்டும் பதில் கிடையாது. மலைமேல் இருந்தாலும் அதையேதான் சொல்லும், பள்ளத்தாக்கில் போகிற பஸ்ஸில் இருந்தாலும் அதையேதான் சொல்லும். டிரைவருடைய போனும் அப்படியே. கீழே டிப்போவுக்கு அடித்தாள். பஸ் ஐந்து மணிக்குத்தான் வரும், வந்தால் சொல்கிறோம் என்றார் அங்கிருந்த குமாஸ்தா. பூட்ஸோடு ஒருவர் இறங்கினால் கவனிக்கச் சொன்னாள். எல்லோர் காலையும் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டு வைத்துவிட்டார்.

புது ஜாக்கெட் போட்ட ஒருவனைப் பார்த்தீர்களா என்று பின்னறையில் கேட்டாள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பன்னிரண்டு மணி வாக்கில் இரண்டாம் வளைவுக்கு மேலே பார்த்ததாகச் சொன்னார். ஏறிக்கொண்டிருந்தானாம்.

"அப்பவும் ஏறிக்கிட்டா இருந்தான்?"

"நான் திரும்புங்கன்னு சொன்னேம்மா. இன்னும் கொஞ்ச தூரம்தானே சார்னான்."

அதற்குமேல், அவன் மலையில்தான் மாட்டிக்கொண்டான் என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஐந்து மணி வரை காத்திருக்கலாம் என்ற பேச்சும் எழவில்லை. நடுக்குளிர்காலப் பனி உலர்ந்த மாவு மாதிரி, தட்டினால் உதிர்ந்துவிடும். பருவம் தொடங்கும் முன் விழும் ஈரப்பனி துணியில் ஒட்டி, உருகி, தோல் வரைக்கும் நனைக்கும். அதன் பிறகு காற்று அடிக்கும். நனைந்த மனிதனை அந்தக் காற்றில் மூன்று மணி நேரம் விட்டால் நாலாவது மணிக்குத் தேடிப் போவதில் பிரயோஜனமில்லை. கொடுங்குளிரில் செத்தவர்களைவிட இந்தக் கத்துக்குட்டிக் குளிரில் செத்தவர்கள்தான் அந்த மலையில் அதிகம்.

கம்புக்காரர் கொட்டகையிலிருந்து முப்பது கம்புகளைக் கட்டி முதுகில் ஏற்றினார். ஒரு ஆள் தூக்க முடிகிற எண்ணிக்கை அவ்வளவுதான். சிவப்புத் துணி இல்லை. அக்கா மேஜை விரிப்பை எடுத்து நீளநீளமாகக் கிழித்தாள். கட்டம் போட்ட சிவப்பு. கிழிக்கிற சத்தத்தில் அவள் கோபம் முழுக்கக் கேட்டது.

"எழுதினீங்களே ரெண்டு தடவ. நேத்தே போயி நட்டிருந்தா யாரு கேக்கப் போறா?"

"நேத்து நட்டிருந்தா ஆபீசுக்காரன் கேட்டிருப்பான்."

"இன்னிக்கு நடறீங்களே, இன்னிக்குக் கேக்க மாட்டானா?"

அவர் கையுறையை மாட்டினார். பிறகு வாசல்படியில் நின்று தண்டவாளத் துண்டைக் காட்டினார்.

"அத அடிச்சு என்னைக் கூப்பிடாத. அடிச்சா வர மாட்டேன்."

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஓர் அண்ணனையும் தங்கையையும் தேடி அவர் மேலே போயிருந்தார். ஐந்து மணி நேரமாகியும் வரவில்லை. அக்கா பயந்துபோய், ஆட்கள் கிடைத்துவிட்டார்கள், இறங்கி வரலாம் என்று அவர் நினைக்கும்படி மூன்று மூன்றாக அடித்தாள். அவர் நம்பி இறங்கி வந்தார். ஆள் கிடைக்கவில்லை. மறுநாள் காலை வேறு ஆட்கள் போய்ப் பாறையிடுக்கிலிருந்து இருவரையும் கொண்டுவந்தார்கள். உயிர் இருந்தது. தங்கைக்கு ஒரு காலில் விரல்கள் போயின. கம்புக்காரர் அக்காவைத் திட்டவில்லை. அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் அந்த இரும்பின் சத்தத்தை அன்றோடு கணக்கில் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

"அப்ப அவன் கீழ வந்துட்டா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வெளக்க மூடு. வெளக்கு போச்சுன்னா வந்துடறேன்."

"வெளக்க மூடிட்டா நீங்க எதப் பாத்து எறங்குவீங்க?"

"அதான்."

அவ்வளவுதான் சொன்னார். அவளுக்குப் புரிந்தது. அவரை வரவழைக்க அவள் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்வாள். ஆனால் அவர் மேலே இருக்கும்போது அந்த ஜன்னலை மட்டும் பொய்யாகச் சாத்த மாட்டாள். மூன்று மணிக்குக் கிளம்பினார். முதல் கம்பை முற்றத்து வாயிலிலேயே ஊன்றினார். இருபத்தைந்து எட்டில் அவர் உருவம் கரைந்தது.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. கரண்டும் போயிற்று. முகட்டில் இரண்டு மலைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அகலமான வாய்க்கால் தண்ணீர் ஒடுங்கிய மதகில் நுழையும்போது வேகமெடுக்கிற மாதிரி, அந்தப் பக்கத்துக் காற்றெல்லாம் அங்கே நெருக்கியடித்து நுழைந்து இந்தப் பக்கம் சரிவில் பாயும். அது ஒரே சீராக அடிக்காது. ஒரு மூச்சு, ஓர் இடைவெளி, மறுபடி மூச்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் கட்டடத்தின் தகரக் கூரை ஒரு முறை எழுந்து உட்கார்ந்தது.

பின்னறையில் புதுமணத் தம்பதி சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மலைக்கு வரலாம் என்று முதலில் சொன்னது யார் என்பதுதான் வழக்கு. அவள் கடல் கேட்டாளாம், இவன்தான் மலை என்றானாம். இவனைக் கேட்டால், மலை என்று சொன்னது அவளுடைய கூடப்பிறந்த அக்காவாம். காய்ந்த சாக்ஸ் இருக்கிறதா என்று அந்தப் பெண் இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை அக்கா தன் புருஷனுடைய கம்பளிச் சாக்ஸை எடுத்து அவள் மடியில் போட்டாள். அக்காவுக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கத் தகுந்த ஆள் அங்கே இல்லை. உருளைக்கிழங்கு உரித்தாள்.

ஐந்து பத்துக்குப் போன் அடித்தது.

"அக்கா, காலையில வந்தேனே, பதினேழாம் நம்பர். என் ஷூ அங்கேயே இருக்கு. புதுசுக்கா, கொஞ்சம் பத்திரமா எடுத்து வைக்கறீங்களா?"

அவள் கையிலிருந்த கத்தியை மேஜையில் வைத்தாள். மிக மெதுவாக வைத்தாள்.

"எங்கேருந்து பேசற?"

"டிப்போலேருந்து. பஸ் இப்பதான் வந்துச்சு. குறுக்கு வழியா எறங்கி ஓடி வந்தேன், கயிறு ஐஸாயிடுச்சுக்கா, பூட்ஸக் கழட்டவே முடியல, அந்தாளு வேற ஹாரன் அடிச்சிட்டே இருந்தாரு. சரி, பூட்ஸோடயே போயிடலாம்னு ஏறிட்டேன். சொந்த பூட்ஸ்தானே. சனிக்கெழம வந்து எடுத்துக்கவா?"

"உன்னத் தேடி என் வீட்டுக்காரர் மேல போயிருக்காரு."

"ஏன்க்கா? நான்தான் வந்துட்டேனே."

அவள் வைத்துவிட்டாள். ஆறு வருஷம் பொய்க்காத விதியின் ஓட்டை அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வெயிலடிக்கும் நாளில் யாரும் செருப்பை மறக்கவில்லை, உண்மைதான். வெயிலடிக்கும் நாளில் அந்த அடுக்கும் தேவையில்லை. கயிறு உறைந்து, விரல் விறைத்து, பஸ் கத்துகிற நாளில், எந்த நாளுக்காக அதைக் கண்டுபிடித்தாளோ அந்த ஒரு நாளில், எவனும் செருப்பை விட்டுவிட்டுத்தான் ஓடுவான்.

பயனில்லை என்று தெரிந்தே போய்த் தண்டவாளத்தை அடித்தாள். வாத்தியாரும் குளிரில் வந்து கூட நின்றார். எதிர்காற்றில் போகும் ஓசை தரையோடு போகாது. மேலே காற்று வேகம், தரையருகே வேகம் குறைவு, அதனால் ஓசை வளைந்து எழும்பித் தலைக்கு மேலே போய்விடும். நூறடி தாண்டினால் சம்மட்டிக்கும் தும்மலுக்கும் வித்தியாசமில்லை. கேட்டாலும் அவர் வர மாட்டார். இரண்டும் தெரிந்தும் கை வலிக்கும் வரை அடித்தாள்.

உள்ளே வந்து ஜன்னலைப் பார்த்தாள்.

"சாத்திட்டு உடனே தொறந்துடும்மா. பாத்துப்பாரு" என்றார் வாத்தியார்.

"உடனே தொறந்தா பனி மறைச்சுதுன்னு நெனச்சுப்பாரு சார். இந்தப் பனியில வெளக்கு தானாவே மறையும், தானாவே வரும்."

"எவ்வளவு நேரம் மறையும்?"

கம்புக்காரர் எப்போதோ சொல்லியிருந்தார். எவ்வளவு மோசமான மூச்சாக இருந்தாலும் இருநூறு எண்ணுவதற்குள் விளக்கு ஒரு தடவையாவது கண்ணில் பட்டுவிடும். அப்படியென்றால் இருநூறுக்கு மேல் இருட்டாக இருக்க வேண்டும். அவரும் எண்ணுவார் என்பது நிச்சயம். பயத்தில் வேகமாக எண்ணுகிற ஆளில்லை. முந்நூறு என்றாள். வாத்தியார் ஒரு கணக்குப் போட்டார். முப்பது கம்பு, இருபத்தைந்து எட்டு, எழுநூற்றைம்பது. அதற்குள் இருந்தால் விளக்கில்லாமலும் கம்பைப் பிடித்துக்கொண்டு வந்துவிடலாம்.

"அதத் தாண்டியிருந்தா?" என்று கேட்டார்.

"தாண்டித்தான் இருப்பாரு."

"அப்ப அந்த முந்நூறுல அவரு நடந்தாருன்னா…"

பாதையோரப் பள்ளத்தின் விளிம்பு எந்தப் பக்கம் என்று இருட்டில் யாருக்கும் தெரியாது. மூடாவிட்டால், அங்கே இல்லாத ஒருவனைத் தேடி அவர் இன்னும் மேலே போய்க்கொண்டே இருப்பார். அங்கேயும் விளிம்பு இருக்கிறது. குதிகால் பிசகிய பெண் எப்போது எழுந்து வந்தாளோ, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் அவளுக்குப் பின்னால். இருவரும் சண்டையை மறந்திருந்தார்கள்.

அக்கா ஸ்டூலில் ஏறி மரக் கதவைச் சாத்தினாள். மலைப்பக்கம் இருண்டது.

அவள் வாய்விட்டு எண்ணவில்லை. வாத்தியார்தான் எண்ணினார், பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கிற குரலில், அவசரமில்லாமல். நூறில் கூரை எழுந்து உட்கார்ந்தது. நூற்றைம்பதில் அந்தப் பெண் போதும் என்றாள். இருநூறில் அக்காவின் கை தாழ்ப்பாளுக்குப் போயிற்று. எடுத்துக்கொண்டாள். இருநூற்றிருபது. இருநூற்று முப்பது. ஒவ்வொரு எண்ணும் ஒரு எட்டு வைக்கிற நேரம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த எட்டை அவர் வைக்காமல் இருக்க வேண்டும். நில்லுங்கள், உட்காருங்கள் என்று மரக் கதவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள். முந்நூறு என்று வாத்தியார் சொல்லி முடிக்கும் முன் கதவைத் திறந்தாள். வெளியே வெள்ளை மட்டும்தான் இருந்தது.

அதன் பிறகு ஐம்பது நிமிஷம். அவள் மிச்ச உருளைக்கிழங்கையும் உரித்தாள். அங்கே இருந்த நாலு பேருக்கு அது இரண்டு நாளுக்குப் போதும். ஆறே காலுக்கு முற்றத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கம்புக்காரர் உள்ளே வந்தார். புருவம், மீசை எல்லாம் வெள்ளை. யாரையும் பார்க்காமல் நேரே அடுக்கைப் பார்த்தார். பதினேழில் பழுப்பு ஷூ அப்படியே இருந்தது. அதை அங்கிருந்து எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஆறு வருஷத்தில் அடுத்தவர் செருப்பை அவள் தொட்டதில்லை.

அவர் வந்த வழியே வாசல் பக்கம் திரும்பினார்.

"வந்துட்டான், அவன் வந்துட்டான்" என்று குறுக்கே போய் நின்றாள். "பூட்ஸோடயே பஸ்ல போயிட்டானாம். டிப்போலேருந்து போன் பண்ணான். சாரக் கேளுங்க."

வாத்தியார் தலையாட்டினார். தம்பதியும் தலையாட்டினார்கள். கம்புக்காரர் நாலு பேரையும் ஒரு முறை பார்த்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பூட்ஸ் கயிற்றைப் பிடிக்கப் போனார். விரல் மடங்கவில்லை. துணி கட்டுவதற்காகக் கம்புக்குக் கம்பு கையுறையைக் கழற்றியிருக்கிறார். வலது கையில் இரண்டு விரல்களின் நுனி மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. அந்தப் பெண்ணின் புருஷன் அவரைப் பிடித்து அடுப்புப் பக்கம் இழுத்தான். அக்கா தடுத்தாள். மரத்துப்போன விரலுக்குச் சூடு உறைக்காது, நெருப்பில் காட்டினால் வெந்தாலும் தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீர்தான். முழங்கையால் தொட்டுச் சூடு பார்த்து, பாத்திரத்தில் ஊற்றி, அவர் கையைப் பிடித்து அமுக்கினாள். உணர்வு திரும்பும்போதுதான் வலிக்கும். வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டே பேசினார்.

"முப்பதும் நட்டு முடிச்சு அதுக்கும் மேல போயிட்டேன். வெளக்கு போச்சு. உக்காந்து எண்ணினேன். இருநூறு தாண்டிச்சு. அப்பத் தெரிஞ்சுது."

"பயமா இருந்துச்சா?"

"கோவமா இருந்துச்சு."

"யார் மேல?"

அவர் யோசித்தார். ஆபீசு, டிரைவர், பதினேழு, வானம், அவள். எதைச் சொன்னாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். "தண்ணி ஆறிப்போச்சு" என்றார்.

மறுநாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சாலை திறக்க மூன்று நாளாயிற்று. அதற்குள் இன்னும் அறுபது கம்பை அக்காவே நட்டாள். அவர் கட்டுப்போட்ட கையோடு பின்னால் நின்று இருபத்தைந்து எண்ணினார், அவள் இருபத்து நாலில் நட்டுவிட்டதாகத் திட்டினார். மேஜை விரிப்பு தீர்ந்து திரைச்சீலைக்கு வந்திருந்தது. நாலாம் நாள் முதல் பஸ் வந்தது. அதில் ஆபீசிலிருந்து ஒரு பொட்டலமும் ஒரு கடிதமும் வந்தன. பொட்டலத்தில் சிவப்புத் துணி. கடிதத்தில், வானிலை காரணமாகக் கம்பு நடும் தேதி இருபத்திரண்டிலிருந்து ஐந்தாம் தேதிக்கு மாற்றப்பட்டுள்ளது என்றிருந்தது. அன்று தேதி பதின்மூன்று. கம்புக்காரர் இரண்டு முறை படித்துவிட்டு அடுப்பில் போட்டார்.

டிரைவரை அக்கா உள்ளே கூப்பிட்டாள். இனிமேல் இந்த அடுக்கை வந்து பார்த்துவிட்டுத்தான் ஹாரனில் கை வைக்க வேண்டும் என்றாள். மிச்சமிருக்கும் ஒவ்வொரு எண்ணையும் பஸ்ஸில் கூவிக் கேட்க வேண்டும். அவர் தலையைச் சொறிந்தார். நான்காம் வளைவு என்று ஆரம்பித்தார். அவள் புருஷனின் கட்டுப்போட்ட கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"சரிக்கா. அந்தாளு ஷூவக் குடுங்க. நேத்தும் டிப்போவுக்கு வந்துட்டான். சனிக்கெழம மேல வர முடியலையாம், குடுத்தனுப்பச் சொன்னான்."

அக்கா பதினேழாம் பொந்தில் கையை விட்டாள். எடுத்ததைச் செய்தித்தாளில் சுற்றி, கயிறு கட்டி, இரண்டு முடிச்சுப் போட்டு நீட்டினாள். டிரைவர் வாங்கிக் கையில் எடை பார்த்தார். அமுக்கிப் பார்த்தார்.

"என்னக்கா, ஒண்ணுதான் இருக்கு?"

"இன்னொண்ணு இன்னும் எறங்கி வரல தம்பி" என்றாள். "வந்து தேடச் சொல்லு."